ரீசும் முதல் லூபெக் வரை: வட ஜெர்மனியின் பழைய குழல் ஆர்கன்கள்

நாள் 1: ரீசும்

எம்டனில் இறங்கி ரீசுமுக்குப் போகப் பஸ் உண்டு. ஆனால் சனி ஞாயிறுகளில் அதை நம்பிக் கிளம்ப முடியாது. சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொள்வது மேல். ஏறத்தாழ 15 கிலோமீட்டர், மேடு பள்ளமே கிடையாது. எதிர்க்காற்று மட்டும் தாராளமாக உண்டு. ஊர் வட்டமானது. கடல் வெள்ளம் புகும் நிலம் என்பதால் மண்ணைக் கொட்டி மேடு எழுப்பி, அதன்மேல் வீடு கட்டியிருக்கிறார்கள். மேட்டின் நடுவில் சர்ச்.

அதற்குள் இருக்கும் ஆர்கன் 1457-ஐச் சேர்ந்தது. குரோனிங்கன் நகரத்து ஹர்மானுஸ் கட்டியது. இன்றும் வாசிக்கக்கூடிய நிலையில் உள்ள உலகின் மிகப் பழைய ஆர்கன்களில் ஒன்று. கூலி கொடுப்பதற்காகத் தங்கள் கொழுத்த மாடுகளை எம்ஸ் ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் விற்க ஊரார் வட்டாரத் தலைவரிடம் அனுமதி கேட்டார்கள் என்று பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. ஆக, இது விவசாயிகள் காசு போட்டு வாங்கிய கருவி.

மொத்தம் 7 ஸ்டாப். ஸ்டாப் என்பது ஒரே நாதமுள்ள குழல்களின் ஒரு வரிசை. கீபோர்டில் விரலால் அழுத்தும் ஒரு கட்டைக்கு ஒரு குழலாவது இருக்கும். குழல்களில் இரண்டு சாதி. ஒன்று வாய் உள்ள குழல்: அடியிலிருந்து வரும் காற்று ஒரு மெல்லிய பிளவின் வழியாகப் போய் மேலுதட்டில் மோதி, புல்லாங்குழல் போலவே ஒலிக்கும். மற்றது நாக்கு உள்ள குழல். நாதஸ்வரச் சீவாளியில் இரண்டு நாக்குகள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும்; இங்கே ஒற்றைப் பித்தளை நாக்கு, ஒரு உலோகக் குழியின் விளிம்பில் அடிக்கிறது. ஒரு வளைந்த கம்பி நாக்கை அழுத்திப் பிடித்திருக்கும். அதை மேலும் கீழும் தட்டித்தான் சுருதி சேர்ப்பார்கள்.

இந்த ஆர்கன் பிழைத்ததற்குக் காரணம் பக்தியைவிட வறுமை. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பணம் இருந்த ஊர்கள் பழையதைக் கழற்றிப் போட்டுப் புதிது வாங்கின. இந்த வட்டாரமான கிழக்கு ஃபிரீஸ்லாந்தின் கிராமங்களால் அது முடியவில்லை. 1960-ல் ஆரெண்ட், புருன்சேமா என்ற ஆர்கன் கட்டுபவர்கள் இருவரும் இதைப் புதுப்பித்தார்கள். பழைய குழல்களின் உதடுகளையும் அடித்துளைகளையும் அன்றைய ரசனைக்கு ஏற்ப வெட்டித் திருத்துவதே அப்போது பலரின் வழக்கம். இவர்கள் நசுங்கியதை நிமிர்த்தினார்கள், கிழிந்ததைப் பற்றவைத்தார்கள், வாயைத் தொடவில்லை. வெட்டிய உதடு திரும்ப வளராது என்பதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்கள் அன்று மிகக் குறைவு.

நாள் 2: மரியன்ஹாஃபே, நோர்டன்

எம்டனிலிருந்து நோர்டன் போகும் ரயில் மரியன்ஹாஃபேயில் நிற்கும். இங்கே 1713-ல் கெர்ஹார்ட் ஃபோன் ஹோலி கட்டிய 20 ஸ்டாப் ஆர்கன் அதிகம் கைபடாமல் இருக்கிறது. சர்ச் திறந்திருந்தால் ஒரு மணி நேரம் போதும். அடுத்த ரயிலைப் பிடித்துவிடலாம்.

மீதி நாள் முழுவதும் நோர்டனுக்கு வேண்டும். சந்தைத் திடலில் நிற்கும் லுட்கெரி சர்ச்சின் ஆர்கன், வட ஜெர்மனியின் பெயர்பெற்ற ஆர்கன் கட்டுபவர் ஆர்ப் ஷ்னிட்கர் 1686-க்கும் 1692-க்கும் இடையில் இரண்டு கட்டமாகக் கட்டியது. 46 ஸ்டாப், 3 கீபோர்டு, காலால் வாசிக்கும் பெடல். வழக்கமாக ஆர்கனை மேற்குச் சுவரோரம் மாடத்தில் வைப்பார்கள். இங்கே தென்பக்கத்துத் தூணைச் சுற்றி வளைத்து வைத்திருக்கிறார். பீடப் பகுதி மிக உயரம், மக்கள் அமரும் பகுதி தாழ்வு. இரண்டு பக்கமும் ஒலி போய்ச் சேர வேண்டும். அதற்காகவே இந்த இடம். நடுக்கூடத்திலிருந்து அண்ணாந்தால் ஒற்றைப் பெடல் கோபுரம் மட்டும் தெரியும். எங்கே நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்து ஆர்கனே வேறாகிவிடுகிறது. தூணுக்கு நேரே, பீடப் படிகளுக்குச் சற்று முன்னால் நின்றால் எல்லாப் பகுதியும் ஒன்றுசேர்ந்து கேட்கும்.

முகப்பில் மின்னும் குழல்கள் ஷ்னிட்கர் செய்தவை அல்ல. 1917-ல் போருக்கு வெள்ளீயம் தேவைப்பட்டதால், ஜெர்மனி முழுவதும் ஆர்கன்களின் முகப்புக் குழல்களை அரசு கழற்றி எடுத்துக்கொண்டது. உள்ளே இருந்தவை தப்பின. காரணம் எளிது: முகப்புக்கு வெள்ளீயம் மிகுந்த பளபளப்பான கலவை, உள்ளே பெரும்பாலும் காரீயம், அது அவர்களுக்கு வேண்டியதில்லை. 1981 முதல் 1985 வரை யூர்கன் ஆரெண்ட் செய்த புதுப்பிப்பில்தான் பழைய அளவில் முகப்பு திரும்ப வந்தது.

அந்தப் புதுப்பிப்பின் பெரும்பகுதி, அதற்கு முந்தைய பழுதுபார்ப்புகளை அவிழ்ப்பதாகவே இருந்தது. பழைய ஆர்கன் வேலையில் இது விதிவிலக்கல்ல, இயல்பு. சுருதி முறையை மாற்ற ஒரு தலைமுறை குழலின் மேல்முனையை வெட்டியிருக்கும். அதை நிமிர்த்த, அதே கலவையில் உலோகத் தகடு வார்த்து, முனையில் வளையமாகப் பற்றவைத்து நீட்ட வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் என்பதை வெட்டுப்படாத குழல்களை அளந்து கணக்கிடுவார்கள். ஒரு வரிசையில் நாலைந்து குழல் தொடப்படாமல் இருந்தாலே மற்றவற்றுக்கு வழி தெரிந்துவிடும்.

சுருதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காதில் முதலில் விழுவது அதுதான். இன்றைய பியானோவில் பன்னிரண்டு ஸ்வரங்களும் சம இடைவெளி. அதனால் அதன் காந்தாரம் இயற்கையான 5:4 விகிதத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் கூர்மை. (ஒரு அரைஸ்வரம் 100 சென்ட்.) தம்புராவின் மந்தரத் தந்தியில் தானாக எழும் அந்தர காந்தாரம்தான் அந்த இயற்கையான காந்தாரம். 17-ஆம் நூற்றாண்டின் மீன்டோன் முறை அதை முன்னிறுத்துகிறது. எட்டு காந்தாரங்கள் சுத்தமாக இருக்கும்படி, பதினொரு பஞ்சமங்களைத் தலைக்கு 5.4 சென்ட் குறைப்பார்கள். மிச்சம் எல்லாம் பன்னிரண்டாவது பஞ்சமத்தில் வந்து விழும். அது 35 சென்ட்டுக்கும் மேல் அகன்று ஊளையிடும். "ஓநாய்" என்றே பெயர். நோர்டனில் இந்த முறையைச் சற்றுத் தளர்த்தி, ஓநாயின் பல்லைக் கொஞ்சம் பிடுங்கியிருக்கிறார்கள். ஸி மேஜரில் வாசிக்கும்போது ஒலி அசையாமல் நிற்கும். அதே கீர்த்தனையை நாலைந்து கறுப்புக் கட்டைகள் உள்ள சுருதிக்கு மாற்றிப் பாருங்கள், முகம் சுளிக்க வேண்டியிருக்கும். அந்தக் கால இசை ஏன் சில சுருதிகளையே விரும்பியது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

இங்கே வாசிக்க வாய்ப்புக் கிடைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த வட்டாரத்துப் பழைய கீபோர்டுகளில் கீழ் ஆக்டேவ் (ஸ்தாயி) "குட்டை". கடைசிக் கட்டை பார்வைக்கு ஈ, ஆனால் ஒலிப்பது ஸி. எஃப் ஷார்ப் கட்டையில் டி, ஜி ஷார்ப் கட்டையில் ஈ. அன்றைய இசைக்குத் தேவைப்படாத பெரிய குழல்களைச் செய்யாமல், உலோகத்தையும் இடத்தையும் மிச்சம்பிடித்த ஏற்பாடு. பியானோப் பழக்கத்தோடு உட்கார்ந்தால் இடது கை முதல் வரியிலேயே தடுமாறும்.

நாள் 3: லேர், வேனர்

லேருக்கும் வேனருக்கும் இடையே எம்ஸ் ஆற்றுப் பாலத்தில் 2015 டிசம்பரில் ஒரு சரக்குக் கப்பல் மோதி, ரயில் பாதையே அறுந்தது. அதன்பின் பல ஆண்டுகள் பஸ்தான். கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேனரில் 1710-ஐச் சேர்ந்த ஷ்னிட்கர் ஆர்கனும், பழைய கீபோர்டு கருவிகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஆர்கனேயம் என்ற நிறுவனமும் உண்டு. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

லேரின் லோகா பகுதியில்தான் ஆரெண்ட், புருன்சேமா இருவரும் 1954-ல் பட்டறை தொடங்கினார்கள். பட்டறைகள் பொதுமக்கள் பார்க்கும் இடங்கள் இல்லை என்பதால், குழல் எப்படிப் பிறக்கிறது என்பதை இங்கே எழுதிவிடுகிறோம்.

காரீயமும் வெள்ளீயமும் சேர்த்து உருக்கி, நீண்ட மேசைமேல் ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டே ஊற்றினால் மெல்லிய தகடு கிடைக்கும். பின்னாளில் மேசைமேல் துணி விரித்தார்கள். பழைய ஆட்கள் மணல் பரப்பினார்கள். மணலில் உலோகம் சீக்கிரம் உறையும், தகட்டின் உள்ளமைப்பு வேறாகும். வார்த்தபின் சுத்தியலால் தட்டி இறுக்குவார்கள். சுத்தமான காரீயம் மிக மென்மையானது, தன் எடையிலேயே குழல் தொய்ந்துவிடும். ஆனால் அந்தக் காலத்துக் காரீயத்தில் செம்பு, ஆன்டிமனி, பிஸ்மத் போன்றவை சிறிதளவு கலந்தே வந்தன. அந்தக் கலப்படம்தான் உறுதி கொடுத்தது. புதுக் குழல் செய்பவர் கடையில் வாங்கும் சுத்தக் காரீயத்தை அப்படியே ஊற்றினால், சில ஆண்டுகளில் குழலின் கால் மெல்ல உட்காரத் தொடங்கும்.

தகட்டை உருளைமேல் சுற்றி, ஓரத்தில் பற்றாசு பரவாமல் இருக்கச் சுண்ணப் பூச்சு தடவி, நீளவாக்கில் பற்றவைப்பார்கள். ஒவ்வொரு குழலின்மேலும் ஸ்வரத்தின் எழுத்தை ஊசியால் கீறுவார்கள். இந்தக் கீறல் புதுப்பிப்பவர்களுக்குப் பொக்கிஷம். அதன் பயன் ஹாம்பர்க்கில் தெரியும்.

நாள் 4: ஷ்டாட, ஸ்டைன்கிர்ஷன், நாயன்ஃபெல்ட

ஹாம்பர்க்கிலிருந்து ஷ்டாடவுக்கு நகர ரயில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். 1659 தீயில் ஊர் எரிந்தபின், காஸ்மே சர்ச்சுக்குப் பெரென்ட் ஹுஸ் ஆர்கன் கட்டினார். அவரிடம் வேலை கற்ற உறவினர்தான் ஷ்னிட்கர். 42 ஸ்டாப். ஆரெண்ட் 1975-ல் புதுப்பித்து முடித்தார். சில நூறு அடி தள்ளி வில்ஹாடி சர்ச்சில் பீல்ஃபெல்ட் கட்டிய 1730-களின் ஆர்கன். இரண்டையும் ஒரே காலையில் கேட்டுவிடலாம்.

ஷ்டாடவுக்கும் ஹாம்பர்க்குக்கும் நடுவே எல்பா ஆற்றோரம் ஆப்பிள் தோட்டங்கள். ஸ்டைன்கிர்ஷனில் 1687-ன் ஷ்னிட்கர் ஆர்கன், 28 ஸ்டாப். நாயன்ஃபெல்டவில் 1688-ன் 34 ஸ்டாப் ஆர்கன், 2017-ல் புதுப்பித்து முடிந்தது. ஷ்னிட்கர் 1719-ல் அடக்கமானதும் இந்த சர்ச்சில்தான்.

இந்த ஊர்களின் பொது எதிரி ஹீட்டர். 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 4.8 கிராம் ஈரம் தாங்கும். 20 டிகிரியில் 17.3 கிராம். பனிக்காலத்து வெளிக்காற்றை உள்ளே இழுத்து ஞாயிறு ஆராதனைக்காக 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 28 சதவீதத்துக்கு விழுகிறது. முன்னூறு ஆண்டுகள் குளிர்ந்த, ஈரமான சர்ச்சில் நிம்மதியாக இருந்த ஓக் மரம், 20-ஆம் நூற்றாண்டின் சில குளிர்காலங்களில் வெடித்துவிட்டது.

வெடிப்பது பெரும்பாலும் காற்றுப் பெட்டி. குழல்கள் நிற்கும் பெட்டி இது. உள்ளே கட்டைக்கு ஒன்றாகத் தடுப்பறைகள். ஒவ்வொன்றின் அடியிலும் தோல் ஒட்டிய ஒரு வால்வு. மேலே ஸ்டாப்புக்கு ஒன்றாகத் துளையிட்ட மரப்பட்டை நகரும். மேற்பலகை வெடித்தால் காற்று பக்கத்து அறைக்குக் கசியும்: ஒரு கட்டையை அழுத்தினால் இன்னொரு குழலும் முனகும். வால்வுத் தோல் காய்ந்து விறைத்தால், விரலை எடுத்தபின்னும் ஸ்வரம் நிற்காது. கோடையில் எதிர்க்கோளாறு: மரம் ஊதி, பட்டை நகராது, ஸ்டாப்பை இழுக்க இரண்டு கை வேண்டும்.

சரிசெய்வது இப்படி. குழல்களை எண் வாரியாகத் தட்டுகளில் அடுக்கி எடுத்தபின், மேற்பலகைகளையும் பட்டைகளையும் கழற்றுவார்கள். பெட்டியைக் கவிழ்த்து பழைய தோலைச் சுரண்டுவார்கள். வெடிப்பைச் சற்று அகலப்படுத்தி, பழைய ஓக் மரச் சிம்பை விலங்குப் பசையால் ஒட்டி இறக்குவார்கள். நூல் போன்ற கசிவுகளுக்கு, அறைக்குள் சூடான நீர்த்த பசையை ஊற்றிச் சுழற்றி வடிப்பார்கள். மேற்பரப்பை முடிந்தவரை குறைவாக இழைத்து, வால்வுகளுக்குப் புதிய ஆட்டுத்தோல் ஒட்டுவார்கள். விலங்குப் பசைதான் வேண்டும். வெந்நீரில் அவிழும், அடுத்த தலைமுறைக்கு வேலை சுலபம். வெள்ளைப் பசையும் பிளைவுட்டும் வேலையைச் சீக்கிரம் முடித்துத் தரும். அதனால் வந்த வினையை லூபெக்கில் எழுதுகிறோம்.

இதெல்லாம் செய்துவிட்டு ஹீட்டரைப் பழையபடி ஓட்டினால் மறுபடி வெடிக்கும். மணிக்கு ஒன்று, ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏற்றாதே, 16 டிகிரியோடு நிறுத்து, ஈரப்பதம் 45 சதவீதத்துக்குக் கீழே போகவிடாதே என்பதுதான் ஆர்கன் கட்டுபவர்கள் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லும் அறிவுரை. சபையார் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

நாள் 5: ஹாம்பர்க், யாக்கோபி

மத்திய ரயில் நிலையத்திலிருந்து யாக்கோபி சர்ச்சுக்கு நடந்தே போய்விடலாம். அங்குள்ள ஆர்கன் ஷ்னிட்கர் 1689 முதல் 1693 வரை கட்டியது: 60 ஸ்டாப், 4 கீபோர்டு, ஏறத்தாழ 4000 குழல்கள். அவருடைய ஆர்கன்களில் எஞ்சியவற்றுள் இதுவே பெரியது. இதைவிடப் பெரியதாக 67 ஸ்டாப்போடு நிக்கோலாய் சர்ச்சுக்குச் செய்தது 1842-ன் பெருந்தீயில் போனது.

1720-ல் இசையமைப்பாளர் பாக் இங்கே ஆர்கனிஸ்ட் வேலைக்கு முயன்றார். கிடைத்தது ஹைட்மனுக்கு, அதற்காக அவர் சர்ச்சுக்கு 4000 மார்க் கட்டினார். பாக்கின் வரலாறு எழுதுபவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள்.

1917-ல் முகப்புக் குழல்கள் போயின. 1919-ல் எழுத்தாளர் ஹான்ஸ் ஹென்னி யான் இந்த ஆர்கனைப் பார்த்து, இதை விட்டுவிடக்கூடாது என்று கிளம்பினார். இசை நிகழ்ச்சிகள் நடத்திப் பணம் திரட்டினார்கள். 1920-களில் ஜெர்மனியெங்கும் பழைய ஆர்கன்களின் பக்கம் கவனம் திரும்ப இது ஒரு பெரிய காரணம். 1942-ல் குழல்களையும் காற்றுப் பெட்டிகளையும் சிற்பங்களையும் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். 1944-ல் குண்டுவீச்சில் சர்ச் எரிந்தபோது பெரிய மரக்கூடும் கீபோர்டுப் பகுதியும் சாம்பல். 1961-ல் திரும்ப மாடத்தில் ஏற்றினார்கள், ஆனால் அது பழைய ஒலி இல்லை என்ற குறை தீரவில்லை. 1989 முதல் 1993 வரை ஆரெண்ட் எல்லாவற்றையும் மறுபடி பிரித்து, கூடு, கீபோர்டு, துருத்திகள், முகப்பு ஆகியவற்றைப் பழைய அளவில் செய்து சேர்த்தார்.

கீறல் எழுத்துகள் உதவியது இங்கேதான். ஷ்னிட்கரே தனக்கு முன்னால் ஷேரர், ஃபிரிட்ஷே ஆகியோர் செய்த குழல்களை எடுத்துப் பயன்படுத்தியவர். இத்தனை முறை கழற்றி மாட்டியதில் எது யாருடையது, எந்த வரிசையில் எந்த இடத்தது என்பது குழம்பியிருக்கும். ஒரு குழலில் இரண்டு மூன்று கை எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று இருக்கும். எழுத்தின் வடிவம், பற்றவைப்பின் அகலம், தகட்டின் கலவை மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் குழலின் பயணம் தெரியும். எந்த ஆண்டுக்குத் திரும்புவது என்ற முடிவு இதற்குப் பிறகுதான். யாக்கோபியில் விடை 1693. ஷ்னிட்கர் பயன்படுத்திய ஷேரர் குழல்கள் ஷ்னிட்கர் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. சரியான முடிவு என்பதே எங்கள் எண்ணம்: எல்லாவற்றையும் அதனதன் முதல் நிலைக்குக் கொண்டுபோனால், எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு ஆர்கன்தான் மிஞ்சும்.

கேட்கப் போகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. சுருதி இன்றைய 440 ஹெர்ட்ஸைவிட ஏறத்தாழ ஒரு முழு ஸ்வரம் உயரம், 495 ஹெர்ட்ஸ் அளவில். தற்காலக் குழுவோடு சேர்ந்து வாசிக்க ஆர்கனிஸ்ட் ஒரு ஸ்வரம் இறக்கி வாசிக்க வேண்டும். மீன்டோன் வகை சுருதியில் அது எல்லாப் பாட்டுக்கும் சரிவராது. இரண்டாவது, கோடை நிகழ்ச்சி. வெப்பம் 1 டிகிரி ஏறினால் வாய் உள்ள குழல்கள் ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். நாக்குக் குழல்கள் அவ்வளவு ஏறாது. அதனால் நாக்குகள்தான் பிசகியதுபோல் கேட்கும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன் நாக்குகளை மட்டும் கம்பியைத் தட்டி மற்றவற்றோடு சேர்ப்பார்கள். நாலாயிரம் குழல்களையும் தொட ஆரம்பித்தால், தொட்ட இடமெல்லாம் முனை தேயும்.

நாள் 6: லூபெக்

ஹாம்பர்க்கிலிருந்து முக்கால் மணி நேரம். 1942 மார்ச் குண்டுவீச்சில், இசையமைப்பாளர் புக்ஸ்டெஹூட வாசித்த மரியன் சர்ச்சின் ஆர்கன்களும், கதீட்ரலில் இருந்த ஷ்னிட்கர் ஆர்கனும் எரிந்தன. யாக்கோபி சர்ச் தப்பியது. (ஹாம்பர்க்கிலும் லூபெக்கிலும் ஒரே புனிதர் பெயர், டிக்கெட் எடுக்கும்போது குழம்ப வேண்டாம்.) அதன் வடக்குச் சுவரில் தொங்கும் சிறிய ஆர்கன், பழைய கோதிக் காலத்துக் குழல்களோடு ஷ்டெல்வாகன் 1637-ல் விரிவாக்கியது.

குண்டுக்குத் தப்பிய இந்தக் குழல்களைப் பிடித்தது வேறு நோய். காரீயக் குழலின் காலடியில், துளையைச் சுற்றி வெள்ளைத் தூள். விரலால் தொட்டால் உதிரும். அதன் அடியில் உலோகம் காகிதம்போல் மெலிந்திருக்கும். முற்றினால் ஓட்டை விழுந்து காற்று வாய்க்குப் போகாமலே ஒழுகும், குழல் ஊமையாகும். 2003 முதல் 2006 வரை ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த கொலாப்ஸ் ஆய்வு, இந்த ஆர்கனை முக்கிய உதாரணமாக எடுத்துக் காரணம் தேடியது. குற்றவாளி அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரின் புளிப்பு. ஓக் மரமே அதை ஆவியாக விடுகிறது. புது மரமும் பிளைவுட்டும் சில நவீனப் பசைகளும் இன்னும் அதிகமாக. சர்ச்சின் காற்றில் அது சொற்பம், மூடிய காற்றுப் பெட்டிக்குள் பல மடங்கு. கட்டையை அழுத்தும்போதெல்லாம் அந்தக் காற்றுதான் குழலின் காலுக்குள் போகிறது. அதனால்தான் நோய் காலில் தொடங்குகிறது. அமிலம் காரீயத்தைக் கரைக்கும். காற்றின் கார்பன் டை ஆக்சைடு அதை வெள்ளைக் கார்பனேட்டாக்கும். அமிலம் விடுபட்டு மறுபடி வேலைக்கு வரும். காரீயத்தை வினிகர் ஆவியில் ஊறவிட்டு வெள்ளைச் சாயம் செய்த பழைய தொழிலும் இதே வேதியியல்தான்.

வெள்ளீயம் சில சதவீதம் கலந்த குழல்கள் அதே பெட்டியில் நன்றாக இருக்கும். பக்கத்தில் நிற்கும் காரீயக் குழல் அரித்துப்போயிருக்கும். பழைய குழலை மாற்ற மனமில்லாதவர்கள் காலின் கெட்ட பகுதியை மட்டும் வெட்டி, புதுக் கூம்பு பற்றவைக்கிறார்கள். புதுப்பிப்பு ஒப்பந்தங்களில் இப்போது மரமும் பசையும் எவ்வளவு அமிலம் விடும் என்று முன்கூட்டிச் சோதிக்கக் கேட்கிறார்கள். சோதனை எளிது: மரச் சிம்பு, பளபளவென்று தேய்த்த காரீயத் துண்டு, கொஞ்சம் ஈரம் மூன்றையும் மூடிய கண்ணாடிக் குப்பியில் சில வாரம் வைத்து, துண்டு வெளுக்கிறதா என்று பார்ப்பது. பழைய ஆர்கன் உள்ள எந்த சர்ச்சிலும், புது அலமாரி ஒன்றை அதன் பக்கத்தில் நிறுத்தும் முன் இதைச் செய்துபார்க்கலாம்.